மாப்பிள்ளை என்ன கேம் வெளையாடறாரு?

நீங்க வெளையாடுங்க தம்பி, நான் தொந்தரவு பண்ண மாட்டேன். சன்னலோரம் வெயிலு அடிக்குதேன்னு இந்தப் பக்கம் திரும்புனேன், அப்படியே உங்க போன் கண்ணுல பட்டுருச்சு. அவ்வளவுதான்.

மேல இருந்து பாக்கற மாதிரி ஊரு தெரியுது. ஒருத்தன் மரம் வெட்டறான், ஒருத்தன் கல்லு சொமக்கறான், அந்த மூலையில பட்டாளம் நிக்குது. வியூக ஆட்டம்தானுங்க? ஸ்ட்ரேட்டஜி. என்னங்க தம்பி அப்படிப் பாக்கறீங்க. வேட்டி கட்டுன ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? உடுமலையில வந்து சென்னியப்பன் பேக்கரின்னு கேளுங்க. தேங்கா பன்னுக்கும் பேரு, கேமுக்கும் பேரு. எந்த ஆட்டத்தைக் காட்டுனாலும் என்ன வகைன்னு சொல்லிருவேன். வகை சொல்றதுகூடப் பெருசில்லைங்க, அதை வெளையாடற ஆளு எப்படிப்பட்டவன்னும் சொல்லிருவேன். என்ற பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்ததே அப்படித்தான்.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? இன்னும் இல்லை. செரி செரி. சும்மா கேட்டேன். நீங்க வெளையாடுங்க.

தாராபுரம் வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குது, அதனால சொல்றேன்.

எனக்கு ஒரே பொண்ணுங்க, தாரணின்னு பேரு. கோயமுத்தூர்ல கேம் செய்யற கம்பெனி ஒண்ணுல வேலை. கேமு வெளிய வர்றதுக்கு முன்னால அதை வெளையாடிப் பாத்து, எங்க கோளாறு இருக்குதுன்னு சொல்றதுதான் அவ சோலி. ஒருத்தன் செவுத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வந்துருவானாம், குதிரை ஆகாசத்துல நிக்குமாம், அதையெல்லாம் கண்டுபுடிக்கோணும். எனக்கு அதை வெளிய சொல்றதுக்குக் கூச்சமா இருந்துதுங்க. கேட்டவங்ககிட்ட எல்லாம் கம்ப்யூட்டர்ல சோதனை பண்ற வேலைன்னு சொல்லி வெச்சிருந்தேன். அவங்களும் என்னமோ ரத்தப் பரிசோதனை மாதிரின்னு நெனச்சுத் தலையாட்டிட்டுப் போயிருவாங்க.

காங்கயத்துப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. பொண்ணு பாத்து, பஜ்ஜி சாப்புட்டு, எல்லாம் நல்லபடியா போயிட்டிருந்துச்சு. பையனோட அம்மா, என்ன வேலை கண்ணுன்னு கேட்டாங்க. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள தாரணி, கேம் வெளையாடற வேலைங்க அத்தைன்னுட்டா. அந்தம்மா காப்பி டம்ளரைக் கீழ வெச்சாங்க பாருங்க, அது அப்படியே இருந்துச்சு. அவங்க கெளம்பிப் போனதுக்கப்புறம் பூங்கொடிதான் எடுத்துக் கழுவுனா. பூங்கொடி எங்கூட்டுக்காரிங்க. மக்யா நாளு தரகரு போன் பண்ணி, பொண்ணு வெளையாட்டுப் புள்ளையா இருக்குதுன்னு சொல்றாங்கன்னாரு.

எனக்குப் பொக்குன்னு போச்சு. தாரணியைக் கூப்புட்டு, கம்முனு இருந்திருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்னு சத்தம் போட்டேன். அவ நான் பேசி முடிக்கற வரைக்கும் இருந்துட்டு, பக்கத்துல வந்து உக்காந்தா.

"அப்பா, நீங்க சாதகம் பாக்கறீங்க, தோட்டம் பாக்கறீங்க, குடும்பம் பாக்கறீங்க. எனக்காக இன்னும் ஒண்ணே ஒண்ணு பாருங்க. அந்தப் பையன் என்ன கேம் வெளையாடறான், எப்படி வெளையாடறான்னு பாருங்க. அது உங்களுக்குத் திருப்தியா இருந்தாப் போதும், நீங்க கை காட்டற ஆளைக் கண்ணை மூடிட்டுக் கட்டிக்கறேன்."

நீங்க கை காட்டற ஆளைன்னு சொன்னாளுங்க. இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு அப்படிச் சொல்லும்? எனக்குக் கோவமெல்லாம் எறங்கிப்போச்சு. ஆனா எனக்குக் கேமைப் பத்தி என்ன தெரியும், சீட்டாட்டம்கூடச் சரியா வராதேன்னேன். நான் சொல்லித் தர்றனுங்கப்பான்னா.

அப்படித்தான் ஆரம்பிச்சுதுங்க. ஞாயித்துக்கெழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு பேரும் கூடத்துல உக்காந்துக்குவோம். அவ மொதல்ல சொன்னது என்னன்னா, கேமோட வகைங்கறது படத்துல இல்லை, கையில இருக்குதுன்னா. காட்டுல நடக்கற கதையா இருக்கலாம், ஆகாசத்துல நடக்கறதா இருக்கலாம், ராசா காலத்துக் கதையா இருக்கலாம், அதை வெச்சு வகை சொல்லக் கூடாது. அதுக்குள்ள நீங்க என்ன பண்றீங்க, அதுதான் வகை. சுட்டீங்கன்னா சுடற ஆட்டம். தாண்டுனீங்கன்னா தாண்டற ஆட்டம். படத்தைப் பாத்து ஏமாந்துராதீங்கன்னா. நெம்பக் கெட்டிக்காரிங்க.

சுடற ஆட்டத்துல உங்க ஆளே உங்களுக்குத் தெரியாது, கையும் துப்பாக்கியும் மட்டும்தான் தெரியும். அவன் கண்ணுதான் உங்க கண்ணு. கொஞ்சம் பின்னால தள்ளி முதுகைக் காட்டுனா அது அதுலயே இன்னொரு தினுசு. சண்டை ஆட்டம்னா ரெண்டு பேரு பக்கவாட்டுல எதிரெதிரா நிப்பாங்க, உசுரு ஒரு கோடு மாதிரி தலைக்கு மேல இருக்கும், அடி விழ விழ கோடு தேயும். ஓடித் தாண்டற ஆட்டத்துல பள்ளத்துல விழுந்தா மறுபடியும் மொதல்ல இருந்து வரோணும். எனக்கு அது சுத்தமா ஆகலைங்க. முழங்கால் வலிக்கறவன் நிஜத்துலயே தாண்ட மாட்டேன், விரல்ல தாண்டச் சொன்னா எப்படி.

அப்புறம் ஒரு தீவுல ஒரு கூட்டத்தையே எறக்கி விடற ஆட்டம் இருக்குதுங்க. சுத்தி ஒரு வட்டம் சுருங்கிக்கிட்டே வரும், கடைசியா நிக்கறவன் ஜெயிச்சான். கல்யாண மண்டபத்துல முதல் பந்திக்குக் கதவு தொறக்கற மாதிரியேதான். மிட்டாய் சேக்கறது, கட்டம் அடுக்கறதெல்லாம் புதிர் ஆட்டம், அதுல யாரும் சாக மாட்டாங்க, நம்ம பொழுதுதான் சாகும்.

எனக்குப் புடிச்சது வேசங்கட்டற ஆட்டம். ஒரு ஆளை எடுத்துக்கிட்டு, பேரு வெச்சு, மெல்ல மெல்லப் பலம் ஏத்தி, ஊர் ஊரா போகோணும். போற எடத்துல எல்லாருகூடவும் பேசலாங்க. தாரணி தலையில அடிச்சுக்குவா, அரக்கன் கோட்டைக்கே வந்துட்டான், நீங்க இன்னும் கொல்லன் கடையில பழமை பேசிட்டிருக்கீங்கன்னு. பேசுனாத்தானுங்க விசயம் தெரியும்.

வெவசாய ஆட்டத்தைச் சொல்லவே வேண்டாம். பரங்கிக்காய் போட்டிருந்தேன். அறுவடைக்கு வந்த நேரம் பாத்துக் கடையில பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்திப்போச்சு. அன்னிக்குப் பூங்கொடி, மாப்பிள்ளை பாக்கறேன்னு நீங்களே சின்னப் புள்ளையா மாறிட்டீங்கன்னு சொன்னா. இது பாடம் புள்ளேன்னேன். அவளுக்குச் சொன்னாப் புரியாதுங்க.

பாடம் முடிஞ்சு மாப்பிள்ளை பாக்கக் கெளம்புனேன். பொள்ளாச்சியில ஒரு பையன். நல்ல வீடு, வாசல்ல தென்னை. பையன் சுடற ஆட்டக்காரன். தம்பி, ஒரு ஆட்டம் வெளையாடிக் காட்டுங்கன்னு கேட்டேன். அவங்க அப்பா முழிச்சாரு, ஆனா பையனுக்குச் சந்தோசம். காதுல மாட்டிக்கிட்டு உக்காந்துட்டான். அவங்கம்மா காப்பி கொண்டாந்து பக்கத்துல நின்னாங்க. திரும்பிப் பாக்காம கையால, அக்கட்டால வெய்யின்னு காட்டுனான். அது போகட்டும். ஒவ்வொரு தடவை செத்தப்பவும் கூட வெளையாடறவனைத்தான் திட்டுனான். ஒரு தடவைகூட என்ற தப்புன்னு சொல்லலை. பஸ் ஸ்டாண்டுல இருந்தே தாரணிக்குப் போன் பண்ணி வேண்டாம்னுட்டேன். சுடறது தப்பில்லைங்கப்பா, நீங்க பாத்தது சரிங்கப்பான்னா.

அடுத்தது ஒரு வியூக ஆட்டக்காரன். நீங்க கோவிச்சுக்கக் கூடாது தம்பி, உங்களைச் சொல்லலை. மரியாதைன்னா அவ்வளவு மரியாதை. மாமா, இந்தப் பக்கத்து ஊர்க்காரனோட ஒப்பந்தம் போட்டிருக்கேன், அவன் என்னை நம்பிப் பட்டாளத்தை வேற பக்கம் அனுப்புவான், அப்பப் புடிச்சிருவேன்னு சிரிச்சுக்கிட்டே வெளக்குனான். வெளக்கி முடிச்சு, உங்க பேக்கரிக் கட்டிடம் யாரு பேருல இருக்குதுன்னு கேட்டான். எந்திரிச்சு வந்துட்டேன்.

மூணாவது பையன் எந்த கேமும் வெளையாடறது இல்லையாம், அடுத்தவங்க வெளையாடறதைப் போன்ல வேடிக்கை பாப்பானாம். அவனை எந்த வகையில சேக்கறதுன்னே எனக்குத் தெரியலை. தாரணிகிட்டக் கேட்டேன். உங்களுக்கே தெரியலைன்னா வேண்டாங்கப்பான்னுட்டா. ஒவ்வொரு தடவையும் அப்படித்தானுங்க. நான் வேண்டாம்னா அவளும் வேண்டாம். ஒரு வருத்தம்கூடப் பட மாட்டா. அப்பனோட தீர்ப்பு மேல அப்படி ஒரு நம்பிக்கை.

இப்படி இருக்கறப்பத்தான் அந்தப் பையன் கடைக்கு வந்தான்.

சனிக்கெழமை பொழுதோட வருவான். மாநிறம், கண்ணாடி, அமைதியான மொகம். ஒரு டீ, ஒரு தேங்கா பன்னு. ஓரத்து மேசையில உக்காந்து போனை எடுத்துருவான். பேரு கேட்டேன், இளமாறன்னான். ஊரு நாகப்பட்டினம், கோயமுத்தூர்ல வேலை. இங்க என்ன சோலின்னு கேட்டா, திருமூர்த்தி அணையைப் பாக்க வந்தேன் சார்ன்னான். நல்ல அணைதான். அடுத்த சனிக்கெழமையும் வந்தான், அணையைப் பாக்க. அதுக்கடுத்த சனிக்கெழமையும் அணைதான். கடலோரத்துல பொறந்தவனுக்கு அணை மேல அப்படி ஒரு ஆசை. சில பேருக்கு அப்படி ஒண்ணு புடிச்சுக்கும்.

நம்ம கண்ணு சும்மா இருக்குமா? டீ வெக்கற சாக்குல எட்டிப் பாத்தேன். ரெண்டு பொம்மைங்க, ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. ரெண்டையும் ஒரே கயித்துல கட்டியிருக்குது. மலை ஏறோணும். ஒரு பொம்மை வழுக்கி விழுந்தா இன்னொண்ணு பாதி வழி எறங்கி வந்து இழுத்துத் தூக்கோணும். கதவு வந்தா ரெண்டு பேரும் ரெண்டு கல்லு மேல ஒட்டுக்கா நின்னாத்தான் தொறக்கும். தனியா ஒருத்தன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் ஒண்ணும் நடக்காது. அதைக் கூட்டாட்டம்னு தாரணி சொல்லிக் குடுத்திருந்தா. கோ-ஆப்புன்னு சொல்லுவாங்க.

அந்தச் சின்னப் பொம்மை யாரு தம்பின்னு கேட்டேன். ஒரு ஃப்ரெண்டு சார், அவங்க வீட்டுல இருந்து வெளையாடறாங்கன்னான். அந்த ஃப்ரெண்டு சுமாரான ஆட்டக்காரருங்க. அடிக்கடி விழும். இவன் ஒரு வார்த்தை சலிச்சுக்க மாட்டான். மறுபடியும் எறங்குவான், தூக்குவான், ஏறுவான்.

ஒரு நாளு நான் பாத்துக்கிட்டே இருக்கறப்ப, கேஸ் சிலிண்டர்காரன் ஊட்டுக்கு வந்தானான்னு கேக்கறதுக்குத் தாரணிக்குப் போன் போட்டேன். சனிக்கெழமையானா ஊட்டுக்கு வந்துருவா, தலைவலின்னு ரூமுக்குள்ள படுத்திருப்பா பாவம். நான் பேசிட்டிருக்கேன், இங்க இவன் போன்ல அந்தச் சின்னப் பொம்மை அப்படியே செலை மாதிரி நின்னுபோச்சு. இவன் அவசரப்படலை. பெரிய பொம்மையைக் கொண்டுபோய்ச் சின்னது பக்கத்துல உக்கார வெச்சுட்டு பன்னைப் பிச்சுத் தின்னுக்கிட்டிருந்தான். நான் பேசி முடிச்சுப் போனை வெச்சேன், சின்னப் பொம்மையும் நடக்க ஆரம்பிச்சுது. நெட்வொர்க் பிரச்சனையா இருக்கும் சார்ன்னான். நம்ம கடைத்தெருவுல சிக்னலு எப்பவுமே அப்படித்தானுங்க.

நான் கவனிச்சது அந்தப் பொறுமையைத்தான். எத்தனை பேரு காத்திருப்பாங்க? என்ற அண்ணன் நாச்சிமுத்து, இந்தத் தாராபுரத்துலதான் இருக்காரு, தென்னந்தோப்பு வெச்சுக்கிட்டு. சின்ன வயசுல அவருக்கு முன்னால நான் எதைச் செஞ்சாலும், நகருடா மந்தமேன்னு புடுங்கி அவரே செஞ்சுருவாரு. மாட்டைப் புடிச்சுக் கட்டறதுல இருந்து மோட்டாரு போடற வரைக்கும். அதனால எனக்குப் பொறுமைன்னா என்னன்னு தெரியுங்க. கெடைக்காதவனுக்குத்தான் தெரியும்.

சோதிச்சுப் பாக்கலாம்னு ஒரு சனிக்கெழமை, தம்பி, உங்க ஃப்ரெண்டை இன்னிக்கு ஓய்வெடுக்கச் சொல்லுங்க, அந்தச் சின்னப் பொம்மையை நான் ஆடறேன்னேன். பையனுக்கு வேர்த்துப்போச்சு. என்ற போன்ல அந்த கேமை ஏத்திக் குடுத்தான். ஆடுனேன். விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். கடைக்கு வந்தவங்க எல்லாம் நின்னு பாக்கறாங்க. ஒரு எடத்துல நான் விழுந்ததோட அவனையும் கயித்துல இழுத்துக்கிட்டு அடிவாரத்துக்கே வந்துட்டோம். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். எனக்கு வராதுப்பா, விட்டுரலாம்னேன்.

"இந்த எடம் எல்லாருக்குமே கஷ்டம் சார். நான் கல்லைப் புடிச்சுக்கறேன், நீங்க மெதுவா வாங்க. அவசரமில்லை" அப்படின்னான்.

டீ ஆறிப்போச்சு. பன்னுல ஈ மொய்க்குது. அவன் பாக்கவே இல்லை. கடைசியா மலை உச்சிக்குப் போயிட்டோங்க தம்பி. மேல ஒரு கொடி பறக்குது, ரெண்டு பொம்மையும் கையைப் புடிச்சுக்கிட்டு ஆடுது. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. கல்லாவுக்குப் பின்னால போயி மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு வந்தேன். இவன்தான் மாப்பிள்ளைன்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

அவன் என்ன வேலைன்னு அப்புறமேட்டுக்குத்தான் விசாரிச்சேன். கேமுக்குப் படம் வரையறானாம். கம்பெனியும் தாரணி வேலை செய்யற அதே கட்டிடம், வேற மாடி. ஒலகம் எவ்வளவு சின்னது பாருங்க. தாரணியைக் கேட்டேன், லிஃப்டுல எத்தனையோ பேரு போறாங்க, யாரு யாருன்னு எனக்கென்ன தெரியும்னுட்டா.

ஊட்டுல விசயத்தை ஒடைச்சேன். பையனைக் கண்டுபுடிச்சுட்டேன், இந்த மாதிரி, நாகப்பட்டினம், அவங்க அப்பா படகு வெச்சுக் கடலுக்குப் போறவரு, நம்ம ஆளுக இல்லை, ஆனா இந்த மாதிரி ஒருத்தனை நான் பாத்ததில்லைன்னேன். பூங்கொடி முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. தோள்பட்டை குலுங்குது. பொம்பளைங்களுக்குச் சந்தோசத்துலயும் அழுகைதான் வரும்.

தாரணிதான் முட்டுக்கட்டை போட்டா. வேண்டாங்கப்பா, ஊரு ஒலகம் உங்களைத்தான் பேசும், பெரியப்பா சம்மதிக்க மாட்டாரு, நாளைக்கு உங்களுக்கு ஒரு மனக்கஷ்டம்னா என்னால தாங்க முடியாதுன்னா. எனக்கு வந்துது பாருங்க வீம்பு. நீ என்ன வாக்குக் குடுத்தே, நான் கை காட்டற ஆளைக் கட்டிக்கறேன்னு சொன்னியா இல்லையான்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. ஒரு வாரம் பேசிப் பேசிக் கரைச்சேன். நல்லவன் சாமி, அப்பன் பாத்துட்டேன் சாமின்னு கெஞ்சுனேன். கடைசியா, உங்களுக்காகச் சம்மதிக்கறேங்கப்பான்னா. அந்தப் பையனை ஒத்துக்க வெக்கறது பரவாயில்லைங்க. கேட்டதும் பேக்கரியிலயே உக்காந்துட்டான். தண்ணி குடுத்தேன்.

அதுக்கப்புறம் அண்ணன். தோப்புக்குப் போயிச் சொன்னேன். எளநீ சீவிக்கிட்டிருந்தவரு அரிவாளைக் கீழ வெச்சுட்டாரு.

"டேய் சென்னியப்பா, உன்ற பொண்ணு எவனையோ புடிச்சுட்டா. அதை மறைக்கறதுக்கு நீ எங்கிட்டக் கதை சொல்றே."

ஆயுசுல நான் அண்ணனை எதுத்துப் பேசுனது இல்லை. அவரு புடுங்குனா குடுத்துட்டு நிப்பேன். அன்னிக்கு எங்கிருந்து வந்துச்சோ.

"அவளே புடிச்சிருந்தா நானே விட்டிருக்க மாட்டேன் அண்ணா. அடிச்சு மூலையில உக்கார வெச்சிருப்பேன். இது நான் பாத்த மாப்பிள்ளை. நீ படத்தைப் பாத்து வகை சொல்றே. கடலு, தோப்பு, அந்த ஆளுக, இந்த ஆளுகன்னு. அதெல்லாம் படம். அவன் என்ன பண்றான்னு பாரு. விழுந்தவனைத் தூக்க அத்தனை தடவையும் எறங்கி வர்றான். நீ என்னிக்காச்சும் எனக்காக எறங்கி வந்திருக்கியா?"

அவருக்கு நான் பேசுனதுல பாதி புரிஞ்சிருக்காது. கடைசி வார்த்தை புரிஞ்சுபோச்சு. கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. திரும்பி வர்றப்ப இதே பஸ்ல, இதே மாதிரி சன்னலோரம் உக்காந்து அழுதுக்கிட்டே வந்தேன். ஆனா மனசை மாத்திக்கலை. அவளா ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தா, அண்ணன் ஒரு அதட்டு அதட்டுனா நான் பின்வாங்கியிருப்பேங்க. நெசத்தைச் சொல்றேன். நானே தேடிக் கண்டுபுடிச்சதுனாலதான் நின்னேன்.

கல்யாணம் உடுமலையிலயே, சின்ன மண்டபம். நாகப்பட்டினத்துல இருந்து ஒரு வேன் ஆளுக வந்தாங்க. கொஞ்சம் சத்தமாப் பேசறவங்க, ஆனா தங்கமான மனுசங்க. சம்பந்தியம்மா என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, மூணு வருசமா இந்த நாளுக்காகத்தான் அண்ணே காத்துக் கெடந்தோம்னு அழுதாங்க. மூணு வருசமாப் பொண்ணு தேடியிருக்காங்க பாவம், கெடைக்கலை. பையன் அவ்வளவு நல்லவனா இருந்தும் கெடைக்கலை. கேம் கம்பெனின்னா அந்தப் பக்கமும் யோசிப்பாங்க போல. நான் மட்டும் கண்டுபுடிக்கலைன்னா என்ன ஆயிருக்கும்னு அன்னிக்கு ராவெல்லாம் பூங்கொடிகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன்.

"ஏனுங்க, புள்ளைங்க ரெண்டும் சந்தோசமா இருக்குதுங்க. யாரு கண்டுபுடிச்சா என்ன" அப்படின்னா.

அதெப்படிங்க அப்படி விட்டுர முடியும்? கண்டுபுடிச்சவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அவளுக்கு அந்தச் சூட்சுமமெல்லாம் புரியறதில்லை. ஆனா ஒண்ணு, கல்யாணத்துக்கப்புறம் என்னைப் பாத்து, நீங்க நல்ல மனுசனுங்கன்னு அடிக்கடி சொல்றா. முப்பது வருசமா சொல்லாதவ.

இப்ப மாப்பிள்ளை வந்தா நாங்க ரெண்டு பேரும் கூட்டாட்டம்தான். மாமா, வலது பக்கம் வாங்கன்னுவாரு, நான் எடது பக்கம் போவேன், ரெண்டு பேரும் விழுவோம், பூங்கொடி சிரிப்பா. தாரணி பரவாயில்லை, நல்லா ஆடறா. முன்ன அந்த ஃப்ரெண்டு விழுந்த எடத்துலயே அவளும் விழறா, அது மட்டும்தான். அந்த எடம் எல்லாருக்குமே கஷ்டம்.

கல்யாணத்துக்கு அண்ணன் மட்டும் வரலை. முன்வரிசையில அவருக்குன்னு போட்ட நாற்காலியில யாரையும் உக்கார விடலை நான். அவரு பொண்ணு சங்கவி மட்டும், அப்பனுக்குத் தெரியாம ஒரு ஃப்ரெண்டு கல்யாணம்னு சொல்லிட்டு வந்திருந்தா. தாரணி பக்கத்தை விட்டு நகரவே இல்லை. ரெண்டு பேரும் காதுக்குள்ள பேசிப் பேசிச் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க. தாலி கட்டி முடிச்சதும் எங்கிட்ட வந்து, சித்தப்பா, இளமாறன் மாமாவை எப்படித்தான் கண்டுபுடிச்சீங்கன்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. கடையில எந்த மேசை, என்ன நேரம், என்ன கேம், நான் எங்க நின்னு பாத்தேன்னு எல்லாம் கேட்டு மனசுல ஏத்திக்கிட்டா. அறிவுள்ள புள்ளைங்க.

போன வாரம் அண்ணன் போன் பண்ணுனாரு தம்பி. அன்னிக்குத் தோப்புல பேசுனதுக்கப்புறம் மொதல் போனு. தொண்டையைச் செருமிக்கிட்டு, சங்கவிக்கு வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போகுதுடா, நான் பாக்கற மாப்பிள்ளையே வேண்டாங்கறா, சித்தப்பா பாத்தாத்தான் கட்டிக்குவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா, நீ வந்து பாருன்னாரு. உனக்குத்தான் அந்தக் கலை தெரியுதாமேன்னாரு. மந்தம்னு சொன்ன அதே வாயிங்க. நான் ஒண்ணும் பழசைக் கிளறலை. வர்றேண்ணான்னேன். மத்தியானச் சாப்பாடு இங்கதான், உங்கண்ணி கோழி அடிக்கறான்னாரு.

அதுக்குத்தான் போயிட்டிருக்கேன். தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு ஜூஸ் கடை இருக்குதாம். சாயங்காலமானா ஒரு பையன் அங்க உக்காந்து புதிர் ஆட்டம் வெளையாடுவானாம், நெம்பப் பொறுமைசாலியாம். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன் சித்தப்பா, நீங்க தற்செயலாப் போற மாதிரி போயிப் பக்கத்து மேசையில உக்காந்து பாருங்க, உங்களுக்குப் புடிச்சா அப்பாகிட்டச் சொல்லுங்க, நான் மறுப்பு சொல்ல மாட்டேன்னு சங்கவிதான் சொன்னா. பெத்த அப்பனை விட இந்தச் சித்தப்பன் மேல நம்பிக்கை.

ஸ்டாண்டு வந்துருச்சு, நான் எறங்கறேன். நீங்க வெளையாடுங்க தம்பி. பக்கத்து ஊரைத் தொடாம உங்க ஊரையே கட்டிக்கிட்டு வர்றீங்க, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நல்ல ஆளு நீங்க.

இந்தா பாருங்க, அந்தப் பையன் போட்டோ. இதையும் அவளேதான் அனுப்பி வெச்சா. நான் பாட்டுக்கு வேற எவனையாச்சும் கண்டுபுடிச்சுட்டு வந்துரக் கூடாதில்லீங்களா.